மணத்துறவு: வரமா, கட்டளையா?

ஒருபால் நாட்டம் பற்றிய கத்தோலிக்கப் போதனையை நம்மவருள் பலர் செவிவழியாகவே அறிவர். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள பத்திகளை வாசிப்போர் அங்கே இரு குரல்களைக் கேட்பர். ஓரினச்சேர்க்கைச் செயல்கள் இயல்பிலேயே ஒழுங்கற்றவை என்பது ஒன்று. அந்நாட்டமுடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாய் ஒதுக்கலாகாது என்பது மற்றொன்று.

இரண்டாம் குரல் நம் நாட்டில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவை நிலைநிறுத்தியபோது, அப்போதைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்தபோதிலும், இவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அந்த ஞாயிறு நாம் பிரசங்க பீடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. வயது வந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமன்று என்று அந்நீதிமன்றமே தீர்ப்பளிக்க 2018 ஆயிற்று.

எனினும் 2359ஆம் பத்தி நமக்கு இடறலாயுள்ளது. இந்நாட்டமுடையோர் யாவரும் கற்புநிலைக்கு அழைக்கப்பட்டோர் என்கிறது அது. நடைமுறையில் இஃது ஆயுட்காலத் துறவே. மணத்துறவு இறைவன் அருளும் வரம், மனமுவந்து ஏற்கவேண்டியது என்று தன் குருக்களுக்குக் கற்பிக்கும் சபை, அவ்வரத்தைப் பிறருக்குக் கட்டளையாக்கலாமா? மேலும், இந்நாட்டம் ஆழ வேரூன்றியோரைக் குருமடத்தில் சேர்க்கலாகாதென 2005இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. துறவு வேண்டும், ஆனால் துறவறக் குருத்துவம் கிட்டாது! 2023 டிசம்பரில் ஒருபால் இணைகளுக்கு வழிபாட்டுச் சடங்கின்றி எளிய ஆசி வழங்க இசைந்ததும் இம்முரணைத் தீர்க்கவில்லை.

இக்கேள்வி புதிதன்று. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 23ஆம் பிரிவில் குருக்களின் மணவாழ்வுக்காக இதையே கேட்டது. குருக்களுக்காகக் கேட்ட நம் மரபு, இவர்களுக்காகக் கேட்கத் துணியவில்லை. நாம் செய்ததோ வேறு.

உப்பூர்ப் பகுதியில் நாம் ஊழியஞ்செய்த நாள்களில் ஒரு தாயார் தம் மகனைக் குறித்துத் தனித்துப் பேசினார். அவனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாப் போயிரும்ல ஐயா?" என்றார். நாம் தலையசைத்தோம்; மூன்று ஞாயிறு ஓலை வாசித்து மணமும் முடித்துவைத்தோம். மணமுடித்தால் இந்நாட்டம் மாறும் என்று நாம் குறைகூறும் அம்மூன்று பத்திகளில் எங்குமே இல்லை. இரண்டாண்டு நிறையுமுன் அப்பெண் தாய்வீடு திரும்பினாள். மணத்திற்குமுன் அவளிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறிந்திருந்த நாமும் சொல்லவில்லை.