சிரித்த இடம்

பாமாவின் 'கருக்கு' முதன்முதலாக எங்கள் துறையில் பாடமாக வந்த ஆண்டு, மாணவிகளிடம் இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னேன். "இந்நூலை உங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள்." இதைப் பெரிய பெண்ணியக் கேள்வி என்று அப்போது நம்பியிருந்தேன்.

வந்த தாள்களில் பாதிக்கு மேல் 'பாவம்' என்ற சொல் இருந்தது. மீதி கதைச்சுருக்கம். ஒருத்தி மட்டும், பொருத்திப் பார்க்க எதுவும் இல்லை என்று ஒரே வரி எழுதியிருந்தாள். 'முழுமையில்லை' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். வராந்தாவில் வந்து நின்றாள். "மேம், மத்தவங்க புத்தகத்தப் பத்தி எழுதுனா போதும். நான் மட்டும் என்னப் பத்தி எழுதணும், இல்லையா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் யாருடைய தெரு எது என்பது எல்லோருக்கும் தெரியும். என் கேள்வி அவளை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறது. சாதியைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லும் பள்ளிக்கூடம் அந்த நூலுக்குள்ளேயே வருகிறது. அதை வகுப்பில் வாசித்துக் காட்டியவளும் நான்தான்.

1992இல் வெளிவந்த தன்வரலாறு இது. நம் வழிகாட்டி நூல்களோ இதை நாவல் என்று சொல்லிப் 'பாத்திரப் படைப்பு' கேட்கின்றன. நாவல் என்றால் வாசகிக்கு நிம்மதி. யாரோ கற்பனை செய்தது, நம் வீட்டுக்கு வராது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், எண்ணெய் கசிந்த வடைப் பொட்டலத்தைத் தொடாமல் சரட்டில் தூக்கிப் பிடித்துப்போய் நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள், அண்ணன் சிரிக்கவில்லை. பாமா வாசகியையும் முதலில் சிரிக்க வைத்துவிடுகிறார். பேச்சுத் தமிழின் துள்ளலில் நாமும் சிரித்துவிடுகிறோம், பிறகு அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறோம். பாவம் பார்ப்பவள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறாள்.

அடுத்த ஆண்டு கேள்வியை மாற்றினேன். எங்கே சிரித்தீர்கள், எங்கே சிரிப்பு நின்றது? அவ்வளவுதான். சொந்தக் கதை வேண்டாம் என்றும் சொன்னேன்.

வேண்டாம் என்ற பிறகுதான் ஒருத்தி எழுதினாள்: "எங்கள் வீட்டில் வாசல் பெருக்க வரும் அக்காவுக்குத் தனியாக ஒரு தம்ளர் வைக்கப்பட்டிருந்தது." நான் 'வைக்கப்பட்டிருந்தது' என்பதன் கீழ் மட்டும் கோடு போட்டேன். இலக்கணப் பிழை இல்லையே மேம் என்றாள். பிழையில்லைதான். செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்லாமலே விட்டுவிடலாம். நம் மொழி அந்த வசதியைத் தருகிறது. மறுவாரம் திருத்திக் கொண்டுவந்தாள்: "அந்தத் தம்ளரை எடுத்துக் கொடுப்பது நான்தான். கழுவிக் கவிழ்த்து வைப்பது அந்த அக்கா." அதற்குமேல் அவள் எழுதவில்லை. அவளிடமிருந்து குற்றவுணர்ச்சிக் கண்ணீரை நானும் எதிர்பார்க்கவில்லை. அதுவும் பெரும்பாலும் 'பாவம்' என்பதன் இன்னொரு வடிவமாகத்தான் தாளில் இறங்குகிறது.

வராந்தாவில் என்னிடம் கேட்டவள் அப்போது மூன்றாமாண்டு. கேள்வி மாறியதைக் கேள்விப்பட்டு, மதிப்பெண் எதுவும் இல்லாத நிலையிலும் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். வடைப் பொட்டலம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், படித்து முன்னேறு என்ற அண்ணனையும் மேற்கோள் காட்டுகிறார்கள், பாட்டியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது அவள் கேள்வி. நாயக்கர் வீடுகளில் உழைத்து, மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் கை குவித்துக் குடித்து, மீந்த சோற்றை வாங்கி வருகிறவர் அந்தப் பாட்டி. அங்கே போகாதே என்று பேத்தி சொன்னால், நமக்குச் சோறு போடும் மகராசர்கள் என்று பதில் சொல்கிறார். அண்ணனின் பேச்சை மேடையில் சொல்லலாம். பாட்டியின் பதிலை எந்த மேடையிலும் சொல்ல முடியாது, அதனால்தான் அதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாள். இந்த நூலை நடத்தியவள் நான். எனக்கு அது தோன்றியதில்லை.

நான்கு பக்கத்திலும் தன் பாட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.