‘எளிது’ என்னும் விடை: தமிழ் வாசிப்பில் மின் அகராதித் துணைகளும் கற்போர் மனப்பாங்கும்

வாசிப்பின்போது மின்னகராதி, திரைச் சொற்பொருட்குறிப்பு ஆகியவற்றைப் பயன்படுத்தும் மொழி கற்போரின் மனப்பாங்கை ஆராய்வோர் பெரும்பாலும் வினாநிரலையே நாடுகின்றனர். 1932இல் லைகர்ட் வகுத்த அளவுகோலில், ‘பயன்படுத்த எளிது’ என்பது போன்ற கூற்றுக்குக் கற்போர் தம் உடன்பாட்டைக் குறிப்பர். ஆங்கில வாசிப்பில் இக்கூற்று ஓரளவு பொருந்தும். அங்கு அச்சில் காணும் வடிவுக்கும் அகராதித் தலைச்சொல்லுக்கும் இடைவெளி குறைவு. தமிழில் நிலை வேறு.

‘சென்றானென்று’ என்னும் வடிவை எதிர்கொள்ளும் தொடக்கநிலை மாணவர் முதலில் ‘என்று’ என்பதைப் பிரிக்க வேண்டும். விகுதியை நீக்க வேண்டும். எஞ்சியதிலிருந்து ‘செல்’ என்னும் பகுதியை உணர வேண்டும். ‘தின்றான்’ இதே ஓசையுடையது. அதன் பகுதியோ ‘தின்’. வடிவம் மட்டும் வழிகாட்டாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் தேடக் கிடைக்கிறது. ஆயினும் அதன் வினைத் தலைச்சொற்கள் ‘தல்’, ‘த்தல்’ ஈற்றுடன் அச்சு நூலுக்கென அமைந்தவையே. பகுதியை அறிந்தவருக்கே அது துணை. அறியாதவருக்குக் கதவு திறப்பதில்லை. உருபனியல் பகுப்பாய்வியுடன் இணைந்த செயலியோ, தொட்டவுடன் பகுதியையும் பொருளையும் தந்துவிடுகிறது.

முன்னதில் தேடிக் கண்டவரும் பின்னதில் தொட்டுப் பெற்றவரும் ‘எளிது’ என்று ஒரே மதிப்பெண் இடலாம். அம்மதிப்பெண் எதனை அளந்தது? லாஃபர், ஹுல்ஸ்டைன் ஆகியோர் 2001இல் முன்வைத்த ஈடுபாட்டுச் சுமைக் கருதுகோள், தேவை, தேடல், மதிப்பிடல் என்னும் மூன்றையும் சொற்கற்றலோடு இணைக்கிறது. தொட்டால் பொருள் தரும் செயலி தேடலை நீக்குகிறது. ‘படி’ போன்ற பலபொருள் சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் காட்டினால் மதிப்பிடலும் நீங்கும். தமிழில் தேடல் என்பது பெருமளவு புணர்ச்சியும் வினைத்திரிபும் பயில்வதே. ஆகவே இங்கு இழப்பு சொல்லளவில் நிற்பதில்லை. உயர் மதிப்பெண்ணைக் காட்டி அத்தகைய செயலியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைப்பது அவசரமான முடிவு. எனினும் தேடல் முழுவதையும் தொடக்கநிலையினர் மீது சுமத்துவதும் தகாது. பக்கத்துக்கு இருபது முறை தடைபடுவோர் வாசிப்பையே கைவிடுவர்.

பதவுரை மரபு இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. அது சீரைப் பிரித்துச் சொல்லாக்கி, பிறகே பொருள் தந்தது. (அதன் வாசகரிடம் எவரும் வினாநிரல் நீட்டவில்லை.) செயலியும் முதல் தொடுகையில் பிரிப்பை மட்டும் காட்டி, இரண்டாம் தொடுகையில் பொருளைத் தரலாம். எத்தனை பேர் பிரிப்போடு நின்று வாசிப்பைத் தொடர்ந்தனர், எவ்வடிவங்களில் இரண்டாம் தொடுகை தேவைப்பட்டது என்னும் பதிவை மாணவரின் விடையோடு ஒப்பிட்டால், ‘எளிது’ என்று அவர் எதனைச் சொன்னார் என்பது புலப்படும்.