மஞ்சள் ஹெல்மெட்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாணவர்களின் புராஜெக்ட் படங்களைப் பார்த்தேன். எல்லாம் கருப்பு வெள்ளை. சுரங்கத் தொழிலாளியின் ஹெல்மெட் மட்டும் மஞ்சள். கான்ட்ராஸ்டை ஏற்றியதில் நெய்வேலிக் கரி கன்னங்கரேலென்று மின்னுகிறது. அது பழுப்பு நிலக்கரி, தம்பிகளா! ஊரின் பழுப்பையும் செம்மண்ணையும் அழித்துவிட்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’டில் சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு. பிறகு பிணங்களுக்கு நடுவே அதே கோட்டை நாம் அடையாளம் காணத்தான் அந்த நிறம். இங்கே ஹெல்மெட்டுக்குக் கீழே முகமே நிழலில் போய்விட்டது.

நானும் செய்தவன்தான். கல்லூரியில் அப்பாவின் சட்டையை மட்டும் நீலமாக விட்டுவைத்தேன், பரிசும் கிடைத்தது. அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப காலெல்லாம் செம்மண்ணா இருக்குமே, அது எங்கடா?"