‘நாண்டி’: ஒரு சொல்லின் சமுதாய வரலாறு

ஒரு சொல்லின் வேரைக் கண்டவுடன் அதன் பொருளும் முற்றாக விளங்கிவிட்டதாகக் கருதுவது சொல்லாராய்ச்சியாளர் பலரிடம் காணப்படும் குறைபாடாகும். இங்கிலாந்தின் குழூஉக்குறி மொழிகளுள் ஒன்றான பொலாரியில் வழங்கிய ‘நாண்டி’ என்ற சொல் இதற்குத் தக்க சான்று.

‘பேசுதல்’ எனப் பொருள்படும் ‘பார்லாரே’ என்ற இத்தாலியச் சொல்லடியாகப் பிறந்ததே பொலாரி என்னும் பெயர். ‘நாண்டி’யும் ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்தரும் ‘நியெந்தே’ என்ற இத்தாலியச் சொல்லின் திரிபே. அகராதி இவ்வளவோடு நின்றுவிடும். இல்லாதது எது, இல்லையென்றவர் யார் என்று நாம் வினவும்போதே சொல்லின் வரலாறு தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை வழங்கியோர் ஊரூராய்த் திரிந்த நடிகரும் பொம்மலாட்டக்காரரும் சர்க்கஸ் தொழிலாளருமாவர். ‘நாண்டி டினார்லி’ என்றால் அவர்களிடையே ‘காசில்லை’ என்பது பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் நாடக அரங்குகளிலும் வணிகக் கப்பல்களிலும் தொழில் புரிந்தோர் வாயிலாகப் பொலாரி தன்பால் ஈர்ப்புடைய ஆண்களின் மறைமொழியாயிற்று. ஆண்களிடையேயான நெருக்கத்தை, அது தனியிடத்து நிகழினும், 1885ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 1895இல் ஒஸ்கார் வைல்டை ஈராண்டுக் கடூழியச் சிறைக்கு அனுப்பியதும் அச்சட்டமே. இச்சூழலில் ‘நாண்டி பொலாரி’ என்றால் ‘பேசாதே, பிறர் கேட்கின்றனர்’ என்ற எச்சரிக்கை. பேச்சையே பெயராகக் கொண்ட மொழிக்குப் பேச்சை நிறுத்தவும் ஒரு தொடர் வேண்டியிருந்தது. வறுமையின் சொல் அச்சத்தின் சொல்லாயிற்று.

1965 முதல் 1968 வரை பி.பி.சி. வானொலியின் ‘ரவுண்ட் த ஹோர்ன்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்னும் பாத்திரங்கள் பொலாரிச் சொற்களைத் தாராளமாக வழங்கின. நாடு கேட்டுச் சிரித்தது; மறைமொழியின் மறைவு நீங்கிற்று. 1967இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 21 வயது நிரம்பிய ஆண்கள் இருவரின் மனமொத்த தனிப்பட்ட உறவு குற்றமல்லவென்றாயிற்று. 1970களில் விடுதலை இயக்கத்தினர் சிலர் இம்மொழியை இழிவுக்காலத்தின் எச்சமெனக் கண்டித்தனர். அவர்தம் சினம் நியாயமானதே. ஆயினும் அடக்குமுறை விதித்தது மௌனத்தை. அதற்குள் நகையும் தோழமையும் நிறைந்த மொழியொன்றைச் சமைத்தவர்கள் ஒடுக்கப்பட்ட அம்மனிதர்களே என்பதை மறந்துவிடலாகாது.

இழிசனர் வழக்கென்று பண்டிதர் ஒதுக்கும் சொற்களிலேதான் ஏடுகள் எழுதாத வாழ்வு எஞ்சியிருக்கிறது. ‘நாண்டி’யின் வேர் இத்தாலியத்தில் உள்ளது, அதற்குப் பொருள் தந்தவை இங்கிலாந்தின் வறுமையும் சட்டமும்.