நோயாளியின் அருகில் இருப்பவர்: இரு கதைகளும் ஒரு நூலும்

ஐயூப் நபியின் பொறுமையைப் பற்றிய பயானைக் கேட்காத வீடு கிண்ணியாவிலோ மூதூரிலோ இராது. ஊரார் ஒதுங்கிக்கொள்ள, மனைவி மட்டும் கூட இருந்து உழைத்து உணவூட்டும் இடம் வரும்போது சபையே கண் கலங்கும். ஆனால் அல்குர்ஆனில் (38:41-44) அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ரஹ்மா என்ற பெயரும் அவர் பட்ட பாடும் தஃப்ஸீர்களிலும் கிஸ்ஸாக்களிலும் விரிந்தவை. ஒரு பிடி புல்லால் அடித்துச் சத்தியத்தை நிறைவேற்றும்படி 44ஆம் வசனம் சொல்கிறது. மனைவியை நூறு அடி அடிப்பதாக நோயின் வேதனையில் நபியவர்கள் செய்த சத்தியம் அது என்பது விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம். நம் பயான்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. நான் வாசிக்கும்போது கதையின் உச்சம் இதுதான். பராமரித்தவளும் களைத்துப்போவாள், அவள் மீதும் இரக்கம் வேண்டும் என்று இறைவனே நடுவில் வருகிறான்.

இன்னொரு கதை நம் எழுத்தில் அதிகம் இல்லை. ஹிஜ்ரி 2இல் பத்ருக்குப் படை புறப்பட்டபோது நபியவர்களின் மகளான ருகையா நோயுற்றிருந்தார். அவருடைய கணவர் உஸ்மான் (ரழி) மதீனாவிலேயே தங்கி மனைவியைக் கவனிக்கும்படி பணிக்கப்பட்டார். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்று நபியவர்கள் சொன்னதைப் புகாரி பதிவுசெய்திருக்கிறது. வெற்றிச் செய்தி வந்த வேளையில் ருகையா மறைந்துவிட்டார். மனைவியின் படுக்கையருகே நின்ற ஆண் போர்க்களத்தில் நின்றவராகவே எண்ணப்பட்டார். பெண்ணுக்குப் பணிவிடையின் உதாரணமாக ரஹ்மாவைக் காட்டும் நாம், ஆணுக்கு உஸ்மானைக் காட்டுவதில்லையே, ஏன்?

இது எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. மனைவிக்கு மார்புப் புற்றுநோய் என்று தெரிந்தபின் திருகோணமலைக்கும் மஹரகமவுக்கும் இடையே இரவு பஸ்ஸில் பலமுறை போய்வந்தோம். பார்க்க வந்தவர்கள் அவளிடம், "சபுர் செய்ங்க" என்றார்கள். என்னிடம், "நீங்க ஆம்புள, இஸ்கூலுக்குப் போங்க, மாமி பாத்துக்குவா" என்றார்கள். இரண்டும் அன்பில் வந்த சொற்கள்தான். ஆனாலும் கீமோ முடிந்த நாட்களில் மீன் பொரிக்கும் வாசமே அவளுக்கு ஆகாது. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரமென்பதால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெர்மாமீட்டரும் கிளினிக் கொப்பியும் கஞ்சிச் சட்டியும் ஆணின் கைக்கும் பொருந்தும்.

இந்த வேலைகளை இலக்கியமாக்க முடியுமா? முடியும் என்பதற்குப் பால் கலாநிதியின் 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' சான்று. தென்னிந்தியப் பெற்றோரின் மகனான இந்த அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் நுரையீரல் புற்றுநோயால் 2015இல், 37 வயதில் இறந்தார். நூல் 2016இல் வந்தது. நோய் தெரியுமுன் தம் மணவாழ்வில் இருந்த விரிசலை அவர் மறைக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட நூலுக்கு மனைவி லூசி முடிவுரை எழுதினார். கடைசி நாட்களில் செயற்கைச் சுவாசக் குழாய் வேண்டாமென்று பால் எடுத்த முடிவையும், அருகில் இருந்த தம்மையும் அவர் எழுதுகிறார். அங்கே அவர் கணவரின் கதையில் வந்துபோகும் துணைப்பாத்திரமல்ல. பேனா அவர் கையில் இருக்கிறது. ரஹ்மாவுக்கு நம் கிஸ்ஸாக்கள் கொடுக்காதது அதுதான். குறையும் உண்டு. இருவருமே மருத்துவர்கள், கூலிக்காரக் குடும்பத்துக்கு வரும் பஸ் காசுக் கவலை அந்தப் பக்கங்களில் இல்லை.

அந்தக் கவலையை எழுத வேண்டியவர்கள் நாம். துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் மனைவியின் கிளினிக் நாளுக்காக ஒருநாள் சம்பளத்தை விடுகிறார்கள். அவர்களை நம் சிறுகதைகள் இன்னும் கவனிக்கவில்லை. குத்பாவில் ரஹ்மாவைச் சொல்லும் மௌலவிமார் அடுத்த வெள்ளி உஸ்மானையும் சொல்லட்டும். அப்போது வார்ட்டுக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்கும் ஆம்புள வெட்கப்பட மாட்டான்.