ரப்பர் பேடின் துள்ளல்

தூத்துக்குடியில் ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால், ஆகஸ்ட் 5 வரை திருவிழாதான். அப்போது நடக்கும் மேடைக் கச்சேரியைப் பார்த்து டிரம்ஸ் பழகக் கிளம்பும் பிள்ளைகளின் கண் முதலில் போவது ஆக்டோபேடின் மீது. ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த அந்த எட்டுத் தட்டுக் கருவி மெல்லிசைக் குழுக்களில் இன்று நிலைத்துவிட்டது. ஆனால் கை பழக அது வேண்டாம். எப்படித் தட்டினாலும் ஒலியை அழகாக்கித் தந்துவிடும். மணிக்கட்டின் பிசகு காதில் விழாது.

எனக்குப் பிடித்தது மரப்பலகையில் ஒட்டிய சாதாரண ரப்பர் பேட். கடையில் குச்சியின் நுனியை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் விழவிட்டுப் பாருங்கள். டக், டக், டக்கென்று தானே துள்ளித் தணிய வேண்டும். விழுந்ததும் படுத்துவிட்டால் அந்த பேட் வேண்டாம். அளவுக்கு மீறித் துள்ளினாலும் கை சோம்பேறியாகிவிடும். 12 அங்குல அகலம் நல்லது. அடியில் வழுக்காத ரப்பர் இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

உப்புக்காற்றில் டிரம் ஸ்டாண்டும் திருகும் துருவேறும் ஊர் இது. இந்தப் பேடில் துருப்பிடிக்க எதுவுமில்லை. பேட் வாங்கியதும் பாராடிடில் என்ற பயிற்சியை, அதாவது வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது என்பதை, மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்துத் தொடங்குங்கள். இரண்டு கைக்கும் ஒரே சத்தம் வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.