நடுகல் இல்லாதவர்கள்

தருமபுரியில் வரலாறு என்று பேச்செடுத்தால் உடனே நடுகல்தான். இரா. நாகசாமி காலத்தில் தமிழகத் தொல்லியல் துறை இங்குள்ள நடுகற்களைத் தேடித் தொகுத்தது பெரிய காரியம். மெய்க்கீர்த்திக்கு வெளியே, ஆநிரை மீட்டுச் செத்த ஒருவன் எழுத்துக்குள் வந்தான். விளிம்பின் வரலாறு கிடைத்துவிட்டது என்று நம்மில் பலருக்கும் சந்தோஷம்.

ஆனால் நடுகல்லும் ஒரு தேர்வுதான். மாடு மீட்டவனுக்குக் கல் உண்டு. அந்தக் கல்லை உடைத்துச் சுமந்தவனுக்கு? பட்டியில் சாணி அள்ளியவளுக்கு? எழுத்தை மட்டுமே சாட்சியாகக் கொண்டால் இவர்கள் இருக்கவே இல்லை என்றாகிவிடும்.

இந்த இடத்தில்தான் தெரசா சிங்கிள்டன் எனக்கு முக்கியமாகப் படுகிறார். அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஜார்ஜியா கடற்கரையின் அடிமைக் குடியிருப்புகளை ஆராய்ந்து 1980இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1985இல் அடிமைமுறையின் தொல்லியல் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தார். பிறகு கியூபாவில் ஒரு காப்பித் தோட்டத்தைத் தோண்டினார்; 2015இல் அது நூலானது. அங்கே தோட்ட முதலாளி அடிமைகளின் குடியிருப்பைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பியிருந்தான். சுவர் அவனுடைய சொல்லாடல். உள்ளே கிடந்த பானை ஓடும் புகைக்குழாயும் அதற்குள்ளேயே மனிதர்கள் தமக்கென்று வாழ்ந்ததன் தடயம். அவர் ஆவணத்தைத் தூக்கியெறியவில்லை. ஓட்டை வைத்து ஆவணத்தைக் குறுக்கு விசாரணை செய்கிறார்.

நமக்கு இதில் என்ன? பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880களிலிருந்து வட ஆர்க்காடு, பழைய சேலம் மாவட்டப் பகுதிகளிலிருந்து போனவர்கள், பெரும்பாலும் தலித்துகள், சுரங்கத்தில் இறங்கினார்கள். தருமபுரி அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. அடிமைமுறையும் சுரங்கக் கூலியும் ஒன்றல்ல. ஒன்றாக்கினால் இரண்டுக்கும் துரோகம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: யாருடைய எழுத்தில் இவர்கள் பதிவாகியிருக்கிறார்கள்? கம்பெனி இவர்களிடம் கேட்டது கைரேகை. 1930இல் அதை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. லைன் வீடுகளும் சயனைடு மண்மேடுகளும் மிச்சம். கும்பாவும் விளக்கும் உடைந்த கண்ணாடி வளையலும் அந்த லைன்களின் மண்ணில்தான் கிடக்க வேண்டும். இதைத் தொல்லியல் என்று சொன்னால் நம் பல்கலைக்கழகத்தார் சிரிப்பார்கள். நூறு வருஷமெல்லாம் ஒரு பழமையா என்பார்கள். இந்தத் தொன்மை மோகத்தோடுதான் முதலில் சண்டை போட வேண்டும். சொந்த சாதிக்கு வீரப் பாட்டனைத் தேடி நடுகல்லைச் சுற்றுகிற கூட்டத்தோடு அடுத்த சண்டை. வீரனைத் தேடும் கண்ணோடு லைன் வீட்டுக்குள் போனால் அங்கே ஒன்றுமே தெரியாது.